முயலுக்குக் கேரட் எவ்வளவு?

கேள்வி: எங்கள் வீட்டு முயலுக்கு இரண்டு வயது, எடை 2 கிலோ. கேரட்டும் வாழைப்பழமும் என்றால் அதற்கு உயிர். பிள்ளைகள் பிஸ்கட், வெல்லம் என்று கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். ஒரு வாரமாகப் பின்பக்க முடியில் கரும்பசை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் நன்றாகத்தான் ஓடியாடுகிறது. இனிப்பை அடியோடு நிறுத்த வேண்டுமா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது பேதியாகத் தெரியவில்லை. முயல் இரண்டு விதமாகப் புழுக்கை போடும். ஒன்று, தினமும் கூட்டி அள்ளுகிறோமே, அந்தக் காய்ந்த உருண்டை. மற்றது சின்னத் திராட்சைக் கொத்து போலப் பளபளவென்று மெத்தென வரும். அதை முயல் குனிந்து நேராக வாயில் வாங்கித் தின்றுவிடுவதால் நம் கண்ணில் படாது. பி வைட்டமின்களும் புரதமும் அதற்கு அதில் கிடைக்கின்றன, அருவருத்துத் தடுக்காதீர்கள்.

இந்தக் கொத்து உருவாவது சீக்கம் என்ற பெருங்குடல் பையில். அங்கே நுண்ணுயிர்கள் நார்ச்சத்தைப் புளிக்க வைக்கின்றன. சர்க்கரையும் மாவும் அங்கே போனால் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகும்; கொத்து குழைந்து களியாகி முடியில் அப்பிக்கொள்ளும். வாயுவும் சேரும். முயலால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் உள்ளே போனது போனதுதான்.

ஆகவே பிஸ்கட், வெல்லம், ரொட்டி, சோறு, உலர்திராட்சை, கடையில் விற்கும் தேன் குச்சி, தயிர் மிட்டாய் எல்லாவற்றையும் இன்றே நிறுத்துங்கள். இவை என்றைக்குமே வேண்டாம். கேரட்டையும் பழத்தையும் புழுக்கை சீராகும்வரை இரண்டு வாரம் விலக்கிவையுங்கள். பிறகு வாரம் இரண்டு நாள், ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன் அளவு: விதை நீக்கிய ஆப்பிள், பப்பாளி, கொய்யா, கேரட், ஏதேனும் ஒன்று. வாழைப்பழம் என்றால் ஒரு ரூபாய் நாணயக் கனத்தில் ஒரு வில்லை போதும். கேரட் படம் போட்டே முயலை வரைந்து பழகிவிட்டோம். ஆனால் 2 கிலோ முயல் 100 கிராம் கேரட் தின்பது, எடைக்கு எடை பார்த்தால், 60 கிலோ ஆள் 3 கிலோ தின்பது போல.

சாக்லேட், வெங்காயம், பூண்டு, அவகாடோ, ஆப்பிள் விதை ஆகியவை நஞ்சு. துணுக்குகூடக் கூடாது.

முயலின் தீனியில் ஐந்தில் நான்கு பங்கு புல்லாக இருக்க வேண்டும். பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். அதைத் தேய்ப்பதும் புல்லை மெல்லும் வேலைதான். நிழலில் உலர்த்திய அறுகம்புல் அருமையானது. இணையத்தில் வாங்கும் திமோத்தி உலர்புல்லும் நல்லது. களைக்கொல்லி தெளித்த இடத்திலும் நாய் நடமாடும் ஓரத்திலும் அறுக்காதீர்கள். அறுத்துக் குவித்துச் சூடேறிய புல் வயிற்றை ஊத வைக்கும். குதிரை மசால் என்ற தீவனப் பயிர் குட்டிக்குச் சரி. வளர்ந்த முயலுக்கு அதன் சுண்ணாம்புச் சத்து சிறுநீர்ப்பையில் படியும். கடையில் விற்கும் குச்சித் தீவனம் (பெல்லட்) உங்கள் முயலுக்கு நாளுக்கு 50 கிராமுக்கு மேல் வேண்டாம்.

பிள்ளைகளுக்குக் கையால் ஊட்டும் ஆசை இருக்கும்தானே? கொத்தமல்லித் தண்டு, புதினா, திருநீற்றுப்பச்சிலை கொடுக்கச் சொல்லுங்கள். வெல்லத்துக்கு ஓடி வந்தது போலவே இதற்கும் ஓடி வரும். காய்கறிக் கடையில் திருகி எறியும் முள்ளங்கித் தழையும் நல்ல தீனி. கீரையை நன்றாக அலசி நீரை வடித்துப் போடுங்கள். புதிதாக எதைக் கொடுத்தாலும் ஒரு சமயத்தில் ஒன்று மட்டும், முதல் நாள் இரண்டு இலை. அடுத்த நாள் புழுக்கையைப் பார்த்துக் கூட்டலாம்.

ஒட்டியதை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடையுங்கள். முழுக்கக் குளிப்பாட்ட வேண்டாம். தினமும் இரு வேளை அந்த இடத்தைப் பாருங்கள். ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

தண்ணீராகப் போனாலோ, 10 மணி நேரத்துக்கு மேல் தீனி தொடாமல், புழுக்கை போடாமல் சுருண்டு உட்கார்ந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை மட்டும் வாயில் ஊற்றிவிடாதீர்கள். முயலின் குடலில் அது உயிரைக் கொல்லும் மருந்து.