ஒரே ஒரு கைத்துப்பாக்கி என்றால் எந்த போர் (குழலின் உள்விட்டம்)?

கேள்வி: வீடு கோட்டையூரில், அரிசி மண்டி காரைக்குடியில். அலைந்து திரிந்து ஒருவழியாகக் கைத்துப்பாக்கி லைசென்ஸ் வாங்கிவிட்டேன். வாங்கப்போவது ஒன்றே ஒன்றுதான். வீட்டுக் காவல், வசூல் பணத்தோடு ராத்திரி திரும்புவது, கிளப்பில் சுட்டுப் பழகுவது, தோட்டத்தில் காட்டுப்பன்றி வந்தால் விரட்டுவது, எல்லாவற்றுக்கும் அது ஒன்றே ஆக வேண்டும். வீடியோக்களில் 9 எம்எம், .45, .357 என்று சண்டை போடுகிறார்கள். நீங்கள் எதைச் சொல்வீர்கள்?

பதில்: .32, அதாவது ஏறத்தாழ 0.32 அங்குலக் குழல். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காரணம் தெரியாமல் வாங்கினால் கடையில் வேறு எதையாவது தலையில் கட்டிவிடுவார்கள்.

நீங்கள் பார்த்த சண்டை அமெரிக்காவில் நடக்கும் சண்டை. அங்கே கடைக்குப் போனால் எல்லாம் கிடைக்கும், அதனால் எது நல்லது என்று வருஷக்கணக்கில் பேசலாம். நமக்கு அதில் பாதியைச் சட்டமே முடித்துவைத்துவிட்டது. ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் தோட்டா எந்தக் கைத்துப்பாக்கியில் போகுமோ அது பொதுமக்களுக்குக் கிடையாது. 9 எம்எம், .45, பழைய ரிவால்வர்களின் .380, .455, இதெல்லாம் தடை செய்யப்பட்ட போர். .357 பழைய இறக்குமதித் துப்பாக்கியாகக் கைமாறி வரும், ஆனால் சொல்லும் விலையைக் கேட்டால் மயக்கம் வரும், தோட்டாவுக்கும் நாய் அலைச்சல். ஆகவே இங்கேயே புதிதாகச் செய்து விற்பது, தோட்டாவும் தொடர்ந்து கிடைப்பது என்று பார்த்தால் பெரும்பாலும் மிஞ்சுவது .32-உம் .22-உம்தான்.

இனிதான் முக்கியமான விஷயம். .32 என்பது ஒன்றல்ல, இரண்டு: சுழலும் உருளையில் தோட்டா போடும் ரிவால்வருக்கு ஒன்று, கைப்பிடிக்குள் தோட்டா அடுக்கும் பிஸ்டலுக்கு ஒன்று. கையில் வைத்துப் பார்த்தால் உடனே தெரியும். ரிவால்வர் தோட்டா நீளமானது, மருந்து அடைத்த உலோகக் கூடு மட்டுமே 23 மில்லிமீட்டர், அடியில் ஆணித் தலை மாதிரி விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், குண்டு பெரும்பாலும் வெறும் ஈயம். இது 1896-ல் வந்த .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங். பிஸ்டல் தோட்டா குட்டையானது, கூடு 17 மில்லிமீட்டர், விளிம்பு விரலால் தடவினால்தான் தெரியும், குண்டின் மேல் செம்புக் கவசம். இது ஜான் பிரவுனிங் 1899-ல் வடிவமைத்த .32 ஏசிபி. ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடவே கூடாது. சில ரிவால்வர்களில் பிஸ்டல் தோட்டா உள்ளே போய் உட்கார்ந்தும் விடும், ஆனால் அதன் அழுத்தம் அதிகம், அந்த உருளை அதற்காகச் செய்ததல்ல. கடையில் "32 தோட்டா ஒரு டப்பா" என்று மட்டும் சொல்லாதீர்கள், எந்தத் துப்பாக்கிக்கு என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சரி, .32 பலம் குறைவுதானே என்று கேட்பீர்கள். குறைவுதான். 9 எம்எம் குண்டின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வரும். ஆனால் அமெரிக்காவிலேயே நடந்ததைப் பாருங்கள். 1986-ல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்பிஐ ஆட்கள் இருவர் இறந்த பிறகு, 9 எம்எம் போதவில்லை என்று 10 எம்எம்முக்குப் போனார்கள். உதைப்பு அதிகம், பலருக்குக் கையில் நிற்கவில்லை. அதைக் குறைத்து 1990-ல் .40 வந்தது. சுற்றிச் சுற்றி, 2014-க்குப் பிறகு 9 எம்எம்முக்கே திரும்பிவிட்டார்கள். நல்ல குண்டு கிடைத்தால், ஆட்கள் வேகமாகவும் குறி தவறாமலும் சுடுவது உதைப்பு குறைந்த துப்பாக்கியில்தான் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. பெரிய துப்பாக்கியால் சுவரைச் சுடுவதைவிடச் சின்னதால் குறியில் அடிப்பது மேல்.

.32-ஐ இளக்காரமாக நினைக்க வேண்டாம் என்பதற்கு இன்னொன்றும் உண்டு. 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியில் .30 முதல் .38 வரை எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் உலகம் முழுக்கப் போட்டியாளர்கள் நிறையப் பேர் கையில் இருப்பது அந்த .32 லாங் தோட்டாவுக்கான துப்பாக்கிதான், அதன் உதைப்பு அவ்வளவு சாது. அந்தப் போட்டியில்தான் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா 590 புள்ளி எடுத்து உலக சாதனையைச் சமன் செய்து தங்கம் வாங்கினார்.

அப்புறம் நம் செட்டிநாட்டு வீடுகளின் அமைப்பையும் யோசிக்க வேண்டும். முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி தாண்டிப் பின்வாசல் வரை நேர்கோட்டில் தெரியும், பல வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. குறி தவறிய குண்டு அந்த நேர்கோட்டில் போய் யார் மேல் படும்? அடுப்படியில் நிற்கிற ஆள் மேல், இல்லாவிட்டால் பின் தெருவில் போகிறவர் மேல். .32-உம் ஆளைக் கொல்லும், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனாலும் அந்த வீட்டுக்குள் இதைவிடப் பெரியதை நான் கேட்கவே மாட்டேன்.

பன்றி விஷயத்தை மறந்துவிடுங்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் சுடக் கூடாது. அதோடு .32-ல் அடிபட்ட பன்றி சாகாது, காயத்தோடு உங்கள் மேலேயே பாயும்.

ரிவால்வரா பிஸ்டலா என்றால் உங்களுக்கு ரிவால்வர். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும். பிஸ்டலில் அந்த நேரத்தில் மேலே நகரும் பாகமான ஸ்லைடை இழுத்துத் தள்ள வேண்டும், பதற்றத்தில் பழகாத கைக்கு அது வராது. கான்பூரில் செய்யும் .32 ரிவால்வர்கள் இருக்கின்றன. 2014-ல் வந்த நிர்பீக் அரைக் கிலோ அளவுதான், இடுப்பில் வைக்கச் சுகம், ஆனால் எடை குறையக் குறைய உதைப்பு கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 2023-ல் வந்த பிரபல் என்ற மாதிரியில் உருளை பக்கவாட்டில் திறக்கும், பழைய மாதிரிகளில் துப்பாக்கியையே மடக்க வேண்டும்.

வாங்குமுன் கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். உருளையைத் திறந்து ஆறு அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பிறகு கடைக்காரர் அனுமதியோடு, வெறும் சுவரை நோக்கி, குழல் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து விசையை இழுங்கள். காசு விழுந்தால் அந்த விசை உங்கள் விரலுக்குக் கனம், வேறு மாதிரியை எடுத்துப் பாருங்கள். வாங்கிய பிறகு வீட்டிலும் காலித் துப்பாக்கியோடு இதையே தினம் பத்து நிமிஷம் செய்யுங்கள். தோட்டாவை அப்போது வேறு அறையில் வையுங்கள். எத்தனை தோட்டா வாங்கலாம் என்று லைசென்சிலேயே எழுதியிருக்கும், அதை வைத்துக்கொண்டு தாராளமாகப் பழக முடியாது. அதனால் மதுரை அல்லது திருச்சி ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து .22-ல் நிறையச் சுடுங்கள், மாதம் ஒருமுறை உங்கள் .32-ஐ எடுங்கள். 7 மீட்டரில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குள் ஆறும் விழ வேண்டும்.

தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள். என் சித்தப்பா அப்படித்தான் வைத்திருந்தார், இரண்டு ஐப்பசி மழை போதும், உறை பட்ட இடமெல்லாம் துரு. உருளை சுற்றவே இல்லை.

கேள்வி: கணவர் பெயரில் லைசென்ஸ், .32 பிஸ்டல். அவர் சிங்கப்பூரில் வருஷத்துக்குப் பத்து மாதம். கானாடுகாத்தான் வீட்டில் நானும் மாமியாரும்தான். அவசரத்துக்கு நான் எடுக்கலாமா?

பதில்: முடியாது ஆச்சி. லைசென்ஸ் அவருக்குத்தான், வீட்டுக்கு அல்ல. அவர் கிளம்புமுன் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளட்டும், சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. உங்களுக்கு வேண்டுமென்றால் உங்கள் பெயரில் தனியாக விண்ணப்பியுங்கள், அதற்குப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும்.

கேள்வி: தேவகோட்டையில் பங்கு பிரிக்கும்போது பெட்டகத்துக்குள் ஐயாவின் ரிவால்வர் கிடைத்தது. பர்மாவிலிருந்து கொண்டுவந்தது என்கிறார்கள். குழலில் .455 என்று இருக்கிறது. பச்சைக் களிம்பு பிடித்த தோட்டாக்களும் உண்டு. வாரிசு என்று என் பெயருக்கு மாற்றலாமா?

பதில்: சாதாரணத் துப்பாக்கி என்றால் வாரிசுக்கு லைசென்ஸ் கேட்க விதி இருக்கிறது. இது .455, தடை செய்யப்பட்ட போர், மத்திய அரசின் தனி அனுமதி இல்லாமல் யாரும் வைத்திருக்கக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 7 வருஷத்துக்குக் குறையாது. அதனால் நாளை என்று தள்ளாதீர்கள். சுட்டுப் பார்க்க வேண்டாம், தோட்டாவைத் துடைக்கவும் வேண்டாம், நீங்களே பையில் போட்டு பஸ்ஸில் எடுத்துப் போகவும் வேண்டாம். பெட்டகத்தைப் பூட்டிவிட்டு ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையம் போய், எந்த நாளில் யார் முன்னால் கிடைத்தது என்று எழுதிக் கொடுங்கள். ஐயாவின் பழைய லைசென்ஸ் புத்தகம் கிடைத்தால் அதன் நகலையும் சேருங்கள். அவர்கள் வந்து எடுத்துக்கொள்ளும்போது துப்பாக்கி எண்ணும் தோட்டாக்களின் எண்ணிக்கையும் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.