பீரோவில் பழைய லென்ஸ், கையில் புதுக் காமிரா
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1984-ல் வாங்கிய நிகான் எஃப்எம்2 ஃபிலிம் காமிராவில் 2003 வரை படம் எடுத்தேன். 28, 50, 135 மி.மீ. லென்ஸ்கள் பீரோவில் அப்படியே இருக்கின்றன. ரிட்டயர் ஆகிவிட்டதால் மறுபடி ஆரம்பிக்க ஆசை. குற்றாலம் அருவி, கோயில் தேர், பேரக் குழந்தைகள், இவைதான் எடுப்பேன். எந்த டிஜிட்டல் காமிரா வாங்கலாம்? பழைய லென்ஸ்கள் அதில் உபயோகப்படுமா?
– ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: காமிராவை அப்புறம் பார்க்கலாம். முதலில் லென்ஸ்களை வெளியே எடுங்கள். ஆரியங்காவுப் பக்கமிருந்து ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை சாரலோடு வரும் ஈரக்காற்று உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சுகம், லென்ஸுக்கு எமன். தோல் உறைக்குள் பூட்டிக் கிடந்த லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அபர்ச்சர் (ஒளி புகும் துவாரம்) வளையத்தை மிகப் பெரிய திறப்புக்குத் திருப்பி வையுங்கள். பின்பக்கத்தில் இருக்கும் சிறு நெம்பியைத் தள்ளிப் பிடித்தபடி, அந்தப் பக்கமிருந்தே செல்போன் டார்ச்சை அடித்து, முன்பக்கம் கொஞ்சம் சாய்வாகப் பாருங்கள். ஒட்டடை மாதிரி மெல்லிய நூல்கள் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. நாலு தூசி தெரிந்தால் கவலையில்லை, படத்தில் வராது. ஆரம்ப நிலைப் பூஞ்சையை லென்ஸ் மெக்கானிக் பிரித்துத் துடைத்துவிடுவார். கண்ணாடியின் மேல்பூச்சை அது அரித்துவிட்டதென்றால் துடைத்தாலும் தடம் இருக்கும், வெயிலுக்கு எதிரே எடுக்கும் படம் வெளிறிப் போகும். அடுத்து வளையத்தை 16-க்குக் கொண்டுபோய் அதே நெம்பியைத் தள்ளி விடுங்கள். இதழ்கள் சட்டென்று மூட வேண்டும். சோம்பலாக மூடினால் எண்ணெய் இறங்கியிருக்கிறது, அதற்கும் மெக்கானிக்தான்.

லென்ஸ் தேறிவிட்டதா? இனி காமிரா. எஃப்எம்2-ல் மாட்டியவை என்பதால் உங்களுடையவை ஏஐ வகைதான் (அபர்ச்சர் வளையத்தின் நிலையைக் காமிராவுக்குச் சொல்லும் விளிம்புள்ளவை), நிகானின் எந்த டிஎஸ்எல்ஆரிலும் (எஃப்எம்2 போலவே உள்ளே மிரர் வைத்த டிஜிட்டல் காமிரா) பொருந்தும். பொருந்துவது வேறு, வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் வேலை செய்வது வேறு. டி3000, டி5000 வரிசைகளில் இந்த லென்ஸை மாட்டினால் மீட்டர் செத்துவிடும், எம் (மேனுவல்) மோடில் குத்துமதிப்பாகத்தான் எடுக்க வேண்டும். டி7000, டி7100, டி7200 மூன்றிலும் மீட்டர் வேலை செய்யும். மெனுவில் ‘நான்-சிபியு லென்ஸ்’ (சிப் இல்லாத லென்ஸ்) பகுதியில் குவிய நீளத்தையும் பெரிய அபர்ச்சரையும் ஒரு தடவை பதிந்தால் போதும். இதற்கு அடுத்து வந்த டி7500-ல் அந்த வளையத்தோடு பேசும் நெம்பியை எடுத்துவிட்டார்கள். எண் பெரிதென்று அதை வாங்கிவிட்டுக் கையைப் பிசையாதீர்கள்.

ஆனால் இந்தக் காமிராக்களில் படத்தைப் பதியும் சென்சார் ஃபிலிம் கட்டத்தைவிடச் சிறியது. 28 மி.மீ. லென்ஸ் 42 மாதிரியும், 50 லென்ஸ் 75 மாதிரியும் பார்க்கும். ரத வீதியில் பின்னால் நகர இடமில்லாத இடத்தில் தேரை உச்சி முதல் சக்கரம் வரை அடக்க 42 போதாது. அதனால் எங்கள் ஓட்டு ஃபுல்ஃப்ரேம் மிரர்லெஸ்ஸுக்கு (ஃபிலிம் கட்டத்தளவு சென்சார், உள்ளே மிரர் கிடையாது). 24க்கு 36 மி.மீ., உங்கள் பழைய ஃபிலிமின் அதே அளவு, 28 என்றால் 28-தான். நிகான் இசட்5 போன்ற ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைத்தாலும் தாராளம்.

இசட் காமிராவில் மாட்ட ஒரு அடாப்டர் வேண்டும். பழைய நிகானில் லென்ஸ் மவுண்டுக்கும் ஃபிலிமுக்கும் இடைவெளி 46.5 மி.மீ., இசட்டில் 16. மிச்சமுள்ள 30.5 மி.மீ.யை நிரப்பும் வெற்றுக் குழாய்தான் அடாப்டர், உள்ளே கண்ணாடி கிடையாது. மேனுவல் லென்ஸுக்கு மின்தொடர்பு இல்லாத சாதா அடாப்டரே போதும், விலை உயர்ந்தது தேவையில்லை. பழைய கேனான் எஃப்டி லென்ஸ் வைத்திருப்பவர்களும் மிரர்லெஸ்ஸுக்குப் போவதே நல்லது. கேனான் டிஎஸ்எல்ஆரில் இடைவெளி 44 மி.மீ., எஃப்டிக்கு வேண்டியதோ 42. அதைச் சரிக்கட்ட அடாப்டருக்குள் கண்ணாடி வைக்க வேண்டும், படம் மங்கும்.

ஃபோகஸிலும் வித்தியாசம் உண்டு. எஃப்எம்2-ன் நடுவில் இரண்டாகப் பிளந்து ஒன்றுசேரும் வட்டம் டிஎஸ்எல்ஆர்களில் இல்லை, அபர்ச்சர் 1.8-ல் கண்ணால் ஃபோகஸ் செய்தால் பத்தில் ஐந்து தவறும். மிரர்லெஸ்ஸில் ஃபோகஸ் பீக்கிங் போட்டால் கூர்மையான விளிம்பில் வண்ணக் கோடு ஓடும், படத்தைப் பெரிதாக்கியும் பார்க்கலாம். இருந்தாலும் ஓடுகிற பேரனை வளையம் திருகிப் பிடிக்க முடியாது. அதற்கென்று 40 மி.மீ. எஃப்/2 போல ஆட்டோஃபோகஸ் லென்ஸ் ஒன்றை காமிராவோடு சேர்த்தே வாங்குங்கள். பேரனின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வேலையைக் காமிரா பார்த்துக்கொள்ளும்.

கை மறக்க வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. கலர் நெகட்டிவில் கொஞ்சம் ஓவராகப் போனாலும் லேபில் சரிசெய்துவிடுவார்கள். டிஜிட்டல் அப்படியில்லை, ஸ்லைடு ஃபிலிம் மாதிரி. வெளுத்துப்போன இடத்தில் எதையும் மீட்க முடியாது. கறுத்த பாறைகளுக்கு நடுவே ஒற்றைக் கோடாய் விழும் அருவியை மீட்டர் சொல்கிறபடி எடுத்தால் தண்ணீர் சுண்ணாம்பாகிவிடும். மீட்டர் சொல்வதைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 0.7-லிருந்து மைனஸ் 1 வரை இறக்குங்கள், வெளுத்த இடம் மினுக்கிக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கையை ஆன் செய்யுங்கள், ரா ஃபைலில் (காமிரா பதப்படுத்தாத மூலப் பதிவு) எடுங்கள். தண்ணீர் பஞ்சு போல வேண்டுமானால் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப்/11, கால் செகண்ட், முக்காலி. வெளிச்சம் அதிகமென்றால் என்டி8 என்ற கறுப்புக் கண்ணாடி ஃபில்டர் மூன்று ஸ்டாப், அதாவது எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும்.

கேள்வி: பாலக்காட்டில் ஒருவர் பழைய டிஎஸ்எல்ஆரைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: உங்கள் மெமரி கார்டை எடுத்துப் போங்கள். அபர்ச்சரை எஃப்/16-ல் வைத்து, ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றிக் கலைத்துவிட்டு, வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் வந்தால் சென்சாரில் தூசி. கணவாய்க் காற்றில் லென்ஸ் மாற்றியவர்களின் காமிராவில் இது சகஜம், சுத்தம் செய்தால் போகும், விலையில் குறைத்துக் கேட்கலாம். லென்ஸ் மூடியைப் போட்டு ஐஎஸ்ஓ 1600-ல் ஒரு செகண்ட் எடுத்துப் பாருங்கள். சிவப்பு, நீலப் புள்ளி ஒன்றிரண்டு என்றால் சரி, மணல் தெளித்த மாதிரி என்றால் வேண்டாம்.

ஷட்டர் கவுண்ட் (ஷட்டர் எத்தனை தடவை ஓடியது என்ற கணக்கு) நிகானிலும் பென்டாக்ஸிலும் படத்தின் எக்ஸிஃப் தகவலிலேயே பதிவாகும். பல கேனான்களில் பதிவாகாது, தனி மென்பொருள் வேண்டும். டி7200-ன் ஷட்டர் 1,50,000 தடவைக்குச் சோதிக்கப்பட்டது. அதில் 40,000 ஓடியிருந்தால் தயங்க வேண்டாம். கல்யாண வீடியோ எடுத்தவரின் காமிராவில் இந்த எண் குறைவாகத்தான் காட்டும், ஏனென்றால் வீடியோ நேரம் அதில் சேராது. கைப்பிடி ரப்பர் உப்பியிருக்கிறதா, பேட்டரி வீங்கி உள்ளே இறுகுகிறதா என்று பாருங்கள். பில் இல்லையென்றால் பெட்டியிலும் காமிராவின் அடியிலும் உள்ள சீரியல் எண்கள் ஒத்துப்போகின்றனவா என்றாவது பாருங்கள்.

கேள்வி: வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் காமிராவின் பின் திரை தெரியவில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகர், நகரி

பதில்: கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் இல்லாத காமிராவை வாங்காதீர்கள், நிகான் இசட்30 அப்படிப்பட்டது. வ்யூஃபைண்டர் ஓரத்தில் டயாப்டர் என்று ஒரு சிறு சக்கரம் இருக்கும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். காட்சியைப் பார்க்காமல், கீழே தெரியும் ஷட்டர், அபர்ச்சர் எண்களைப் பார்த்தபடி அவை பளிச்சென்று ஆகும்வரை சக்கரத்தைத் திருகுங்கள். தூரப் பார்வைக்கும் சேர்த்துக் கண்ணாடி போடுபவர் என்றால் கழற்றாமலே இதைச் செய்யுங்கள்.

கேள்வி: பழவேற்காடு ஏரியில் பூநாரைகளை எடுக்க எவ்வளவு பெரிய லென்ஸ் வேண்டும்? கனமாகத் தூக்க முடியாது.
– ஒரு வாசகர், சூளூர்ப்பேட்டை

பதில்: ஸ்ரீஹரிகோட்டா சாலையில் நின்று பார்த்தால் அவை தூரத்தில்தான் நிற்கும், 400 மி.மீ.க்குக் குறைந்தால் புள்ளியாகத்தான் வரும். நிகான் 200-500 லென்ஸ் அருமை, ஆனால் 2.3 கிலோ. கேனான் ஆர்எஃப் 100-400 வெறும் 635 கிராம். ஆர்10 போன்ற சிறு சென்சார் காமிராவில் 640 மி.மீ. போல் பார்க்கும். அபர்ச்சர் எஃப்/8 என்பதால் வெயிலில்தான் சுகம். பறக்கும்போது ஷட்டரை 1/1600 செகண்டில் வைத்து ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள். காலை 9 மணிக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் சூடேறிய சேற்றிலிருந்து எழும் கானல் அலையில் எவ்வளவு விலை கொடுத்த லென்ஸானாலும் பூநாரையின் கால்கள் நெளிந்துதான் வரும்.