நூல்களுக்கிடையே உள்ள தொடர்பைக் குழந்தை தானே கண்டுகொள்ளப் பெற்றோர் என்ன செய்யலாம்?

வீட்டிலேயே கல்வி கற்கும் உங்கள் 9 வயது மகள் நிறைய வாசிக்கிறாள் என்றும், ஆனால் ஒரு நூலில் படித்ததை மற்றொன்றோடு சேர்த்துப் பார்ப்பதில்லை என்றும், அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் மகளும் மகனும் எட்டு ஆண்டுகளாக வீட்டில்தான் படித்து வருகிறார்கள். சொல்லிக்கொடுக்க முயன்ற காலத்தில் எனக்கு எதுவும் கைகூடவில்லை என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதல் இரண்டு ஆண்டுகள் நான் எல்லாவற்றையும் முன்கூட்டியே கோத்து வைத்தேன். ஒரு பருவம் முழுவதும் கடல் என்று முடிவு செய்து, கடற்பயணக் கதைகள், ஓதங்கள், திசைகாட்டி, மீன்கள், உலகப்படம் என அனைத்தையும் அதற்குள் அடக்கினேன். ஒவ்வொரு நாளும், "நேற்றுப் படித்தோமே, அதுதான் இங்கே மீண்டும் வருகிறது" என்று நானே எடுத்துச் சொன்னேன். பிள்ளைகள் தலையசைத்தார்கள். சில வாரங்கள் கழித்துக் கேட்டபோது அந்தத் தொடர்புகளில் ஒன்றுகூட அவர்களிடம் தங்கியிருக்கவில்லை. தேடிக் காணும் வேலையை நான் முடித்துவிட்டபின் அவர்களுக்குச் செய்வதற்கு என்ன மிஞ்சியிருக்கும்?

என் எண்ணத்தை மாற்றியது மகளின் ஒரே ஒரு கேள்விதான். அப்போது அவளுக்கு வயது 11. கடலோடிகளைக் கொன்ற ஸ்கர்வி நோயைப் பற்றி அவள் படித்திருந்தாள். ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர் 1747-இல் நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு உணவுகளைக் கொடுத்துப் பார்த்ததும், ஆரஞ்சும் எலுமிச்சையும் பெற்றவர்களே விரைவில் தேறியதும், ஆனால் பிரிட்டன் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்க 1795 வரை ஆனதும் அதில் இருந்தன. பல மாதங்கள் கழித்து, தச்சர் மகனாகப் பிறந்து, கடலில் தீர்க்கரேகையைக் கணிக்க உதவும் கடிகாரத்தைச் செய்த ஜான் ஹாரிசனின் வாழ்க்கையைப் படித்தாள். புவி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்வதால், புறப்பட்ட இடத்து நேரத்தைக் கப்பல் இருக்கும் இடத்து நேரத்தோடு ஒப்பிட்டால் அது கிழக்கு மேற்காக எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதைக் கணக்கிடலாம் என்ற செய்தியை அவள் ஆர்வத்தோடு விளக்குவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ புத்தகத்தை மூடிவிட்டு, "லிண்ட் சொன்னதையும் கேட்கவில்லை, இவரையும் 80 வயது வரை காக்க வைத்துவிட்டார்கள். சரியான விடை கையில் இருக்கும்போது பெரியவர்கள் ஏன் இத்தனை ஆண்டுகள் தாமதிக்கிறார்கள்?" என்று கேட்டாள். தீர்க்கரேகையைக் கணிக்க வழி காண்பவருக்குப் பிரிட்டன் அறிவித்திருந்த பரிசில் ஹாரிசனுக்குச் சேரவேண்டிய எஞ்சிய தொகை 1773-இல்தான் கைக்கு வந்தது. அந்த இரண்டு நூல்களையும் நான் இணைத்திருந்தால் கடலைக் கொண்டுதான் இணைத்திருப்பேன். அவள் நீதியைக் கொண்டு இணைத்தாள். அந்தக் கேள்வி அவளை விட்டு இன்றுவரை நீங்கவில்லை. அறிவியல் வரலாறு எதைப் படித்தாலும், அந்த உண்மையை உலகம் ஏற்க எவ்வளவு காலம் ஆனது என்பதைத்தான் முதலில் தேடுகிறாள்.

பிரிட்டனில் வாழ்ந்த கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923), கல்வி என்பதே பொருள்களோடும் கருத்துகளோடும் நமக்குள்ள உறவுகளைப் பற்றிய அறிவு என்று கருதினார். வீட்டில் கற்பிக்கும் பலர் இன்றும் பின்பற்றும் அவருடைய முறை மிக எளியது. குழந்தை ஒரு பகுதியை ஒருமுறை மட்டும் கவனமாகப் படிக்க வேண்டும் அல்லது கேட்க வேண்டும். பிறகு படித்ததைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லும்போது குழந்தை எதை எடுப்பது, எதை விடுவது, எதற்கு அடுத்து எதைச் சொல்வது என்று தானே முடிவு செய்கிறது. பழைய வாசிப்பு வந்து ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். ஆகவே அவள் பேசும்போது இடைமறிக்காதீர்கள், விட்டுப்போனதை நினைவூட்டாதீர்கள். "இது உனக்கு வேறு எதை நினைவூட்டுகிறது?" என்ற கேள்வியைக்கூட அரிதாகவே கேளுங்கள், தினமும் கேட்டால் அதுவும் ஒரு தேர்வாகிவிடும், குழந்தை உங்களுக்குப் பிடித்த விடையைத் தேடத் தொடங்கிவிடும்.

நூல்களைத் தேர்வதில்தான் உங்கள் உழைப்பு தேவைப்படும். ஒரே நேரத்தில் மூன்று நான்கு நூல்கள், ஒரு வரலாறு, ஒரு வாழ்க்கை வரலாறு, ஓர் இயற்கை நூல், ஒரு கதை என்று, மாதக்கணக்கில் சிறிது சிறிதாக நகரட்டும். விரைந்து முடித்த நூல் அடுத்ததைச் சந்திப்பதற்குள் மறந்துவிடுகிறது. செய்திகளைச் சுருக்கி அடுக்கிய நூல்களைவிட, தம் பொருளை நேசிக்கும் ஒருவர் விரிவாக எழுதிய நூலில்தான் குழந்தையின் மனம் பற்றிக்கொள்ளும் விவரங்கள் கிடைக்கின்றன. ஊசலின் அலைவு நேரம் அதன் நீளத்தைப் பொறுத்தது என்று படித்த என் மகன், யாரும் சொல்லாமலே ஊஞ்சலில் தானும் அக்காவும் மாறி மாறி அமர்ந்து நேரத்தை அளந்தான். எடை வேறுபட்டும் நேரம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்ததைக் கண்டு அவன் ஓடிவந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

தவறான இணைப்புகளும் வரும். கலிலியோவும் ஷேக்ஸ்பியரும் 1564-இல் பிறந்தவர்கள் என்று அறிந்ததும், இருவரும் நண்பர்களாக இருந்திருப்பார்கள் என்று மகன் உறுதியாகச் சொன்னான். நான் மறுக்காமல், நூற்றாண்டுக்கு இரண்டு பக்கமாக அவன் குறித்துவரும் கால ஏட்டையும் உலகப்படத்தையும் எடுத்துக் கொடுத்தேன். ஒருவர் இத்தாலியிலும் மற்றவர் இங்கிலாந்திலும் வாழ்ந்ததை அவனே கண்டான். பின்பு, ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் பல இத்தாலியில் நிகழ்வதைக் கவனித்து, அவருக்கு அந்த நாட்டைப் பற்றி யார் சொல்லியிருப்பார்கள் என்று கேட்டான். முதலில் சொன்னதைவிட இது எவ்வளவோ நல்ல கேள்வி. நான் உடனே திருத்தியிருந்தால் அது பிறந்திருக்காது.

உங்கள் மகள் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதற்காக அவளுக்குள் எதுவும் சேரவில்லை என்று கவலைப்பட வேண்டாம். இரண்டு மூன்று மாதங்களுக்கு அவள் திருப்பிச் சொல்வதை மட்டும் கேளுங்கள். எப்போதாவது, பெரும்பாலும் பாட நேரத்துக்கு வெளியே, உறங்கப் போகும்போதோ நடந்து செல்லும்போதோ, "அந்தப் புத்தகத்தில் வந்தவர் மாதிரியே" என்று தொடங்குவாள். அப்போது கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு அவள் சொல்லி முடிக்கும் வரை கேளுங்கள்; பிறகு அவள் சொன்ன சொற்களையே தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.