எலிபெண்டா போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

பழைய வண்ணாரப்பேட்டை வாசகர் வட்டத்திலிருந்து 32 பேர் ஜனவரியில் மும்பை போகிறார்கள். அதில் ஒரு நாள், பாறையில் குடைந்த சிவன் குகை இருக்கும் எலிபெண்டா தீவு, வழிகாட்டியோடு. நான் மும்பையில் 22 வருடம் கப்பல் சரக்குக் கணக்கு எழுதிவிட்டுத் தண்டையார்பேட்டைக்குத் திரும்பியவன். ஊரிலிருந்து யார் வந்தாலும் அந்தத் தீவுக்குக் கூட்டிப் போகிற வேலை என் தலையில்தான் விழும். அதனால் கேள்விகளை எல்லாம் என் பக்கம் தள்ளிவிட்டார்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

யாரும் கேட்பதற்கு முன்பே ஒன்று: திங்கட்கிழமை குகைக்கு விடுமுறை. என் மைத்துனர் குடும்பத்தை ஒரு டூர்க்காரர் திங்கட்கிழமையில்தான் கொண்டுவந்து இறக்கினார். படகு கிளம்பும் கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, சுண்டல் தின்றுவிட்டுத் திரும்பினார்கள். பணம் திரும்பி வரவில்லை.

கொருக்குப்பேட்டை அக்கா: எனக்கு முட்டிவலி. எவ்வளவு நடக்க வேண்டும்? படி உண்டா?

படகுத்துறையில் இறங்கியதும் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாலம் மாதிரியான பாதை. அதற்கு மினி ட்ரெயின் ஓடும், ஏறிக்கொள்ளுங்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். ஏறத்தாழ 120 படி. இரண்டு பக்கமும் பாசிமணி, கல் பொம்மை, தொப்பிக் கடைகள். மேலே தார்ப்பாய் கட்டியிருப்பதால் வெயில் தெரியாது. படி அகலமானதுதான், செங்குத்து இல்லை. பத்துப் படிக்கு ஒரு கடையில் நின்று விலை கேட்பதுபோல மூச்சு வாங்கிக்கொள்ளலாம், என் அம்மா அப்படித்தான் ஏறினார். முடியவே முடியாது என்றால் நாற்காலியில் தூக்கிப் போகும் டோலி உண்டு. கூலியை ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள், இறங்குவதற்கும் சேர்த்து.

காசிமேடு தம்பி: படகு எப்படி அண்ணே? கடல் ஆட்டம் இருக்குமா?

உனக்கு அது ஒரு ஆட்டமே இல்லை. கேட்வேயிலிருந்து தீவு ஏறத்தாழ 10 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். திறந்த கடல் கிடையாது, துறைமுகத்துக்கு உள்ளேயே போகும் பாதை. மேல் தட்டுக்குச் சின்னதாகக் கூடுதல் தொகை கேட்பார்கள், கொடுத்துவிட்டு ஏறு. கடற்படைக் கப்பல்கள், ஜவஹர் தீவில் எண்ணெய் இறக்கும் டேங்கர்கள், வடக்கே டிராம்பே மலை, எதிரே நவ சேவா துறைமுகத்தின் கிரேன்கள் என்று வரிசையாக வரும். எண்ணூர், காட்டுப்பள்ளி பார்த்து வளர்ந்த நமக்கு ஊர்க்காட்சிதான். குளிர்காலத்தில் கடற்காகங்கள் படகைத் துரத்திக்கொண்டு வரும், ஜனங்கள் சிப்ஸ் வீசுவார்கள். நீ வீசாதே.

லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள். காசிமேட்டுக்காரன் எதற்குப் போட வேண்டும் என்று சிரிக்காதே. 2024 டிசம்பர் 18 அன்று இதே தீவுக்குப் போன படகில் கடற்படையின் வேகப்படகு ஒன்று மோதிப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். நீந்தத் தெரிந்தவனுக்கும் அடிபட்டு மயங்கினால் நீச்சல் வராது.

ராயபுரம் சார்: டூர்க்காரர் "எல்லாம் அடங்கும்" என்கிறார். நம்பலாமா?

எது எது அடங்கும் என்று தாளில் எழுதி வாங்குங்கள். படகு, தொல்லியல் துறை டிக்கெட், இறங்கும் இடத்தில் கிராமப் பஞ்சாயத்து வாங்கும் சின்ன வரி, மினி ட்ரெயின், வழிகாட்டி. ஐந்தும் தனித்தனி. குகை டிக்கெட் இந்தியர்களுக்கு 40 ரூபாய். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இல்லை. அடையாள அட்டை எடுத்துப் போங்கள். பணத்தைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, குகைக்குள் எத்தனை மணி நேரம் விடுவார் என்பது. நாற்பது நிமிடம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். முதல் குகைக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் வேண்டும்.

வியாசர்பாடி மாணவி: எலிபெண்டா என்கிறார்களே, யானை எங்கே ஐயா?

நல்ல கேள்வி. ஊர்ப்பெயர் காராபுரி. போர்ச்சுகீசியர் வந்து இறங்கிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கல் யானை நின்றது, அதைப் பார்த்து வைத்த பெயர்தான் எலிபெண்டா. 1864-ல் வெள்ளைக்காரர்கள் அதை இங்கிலாந்துக்குத் தூக்கிப் போக முயன்றார்கள். தூக்கும்போதே விழுந்து நொறுங்கியது. துண்டுகளைச் சேர்த்து ஒட்டி நிறுத்தியிருக்கிறார்கள், இப்போது பைகுல்லாவில், ஜிஜாமாதா தோட்டத்து அருங்காட்சியகத்துக்கு வெளியே நிற்கிறது. ஒட்டுப்போட்ட கோடுகள் பக்கத்தில் போனால் தெரியும். ஆக, எலிபெண்டாவில் யானை இல்லை, யானை இருக்கும் இடத்துக்கு எலிபெண்டா என்று பெயர் இல்லை.

மிண்ட் பக்கத்திலிருந்து ஒருவர்: திங்கட்கிழமை போனால் கூட்டம் குறைவாக இருக்குமா?

மிகவும் குறைவு. ஒருவரும் இருக்க மாட்டார்கள். தொடக்கத்தில் சொன்னதைப் படியுங்கள்.

பெரம்பூர் அக்கா: சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா?

போகலாம், குரங்குக்குத் தெரியாமல். எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தை என் கையிலிருந்து பிடுங்கி, எனக்கு எதிரிலேயே கல்மேல் உட்கார்ந்து, வாழையிலையைப் பிரித்து, மிளகாயை ஒதுக்கிவிட்டுத் தின்றது ஒரு குரங்கு. பிளாஸ்டிக் கவர் சரசரத்தால் போதும், வந்துவிடும். எல்லாம் ஜிப் போட்ட பைக்குள் இருக்கட்டும். கையில் தண்ணீர் பாட்டில்கூட வேண்டாம்.

திருவொற்றியூர் தமிழாசிரியர்: நடுவில் இருக்கும் திரிமூர்த்தி சிலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

ஐயா, இதற்காகத்தான் காத்திருந்தேன். முதலில் அந்தப் பெயரை விட்டுவிடுவோம். அது திரிமூர்த்தி இல்லை, சதாசிவன்.

வடக்கு வாசல் வழியாக நுழைகிறீர்கள். தூண்கள் நடுவே நேராகப் பார்த்தால் தெற்குச் சுவரில், இருட்டுக்குள் ஏறத்தாழ 18 அடி உயரத்தில் மார்பளவு உருவம். முதலில் நடு முகத்தின் கன்னமும் தடித்த கீழுதடும் மட்டும்தான் தெரியும். கண் மூடியிருக்கிறது. அங்கேயே இரண்டு நிமிடம் நில்லுங்கள், கண் பழகப் பழக மற்ற இரண்டு முகமும் வெளியே வரும். உங்கள் இடது கைப்பக்கம் மீசையும் சினமுமாக ஒரு முகம், கையில் பாம்பு: அகோரம். வலது கைப்பக்கம் சுருள்முடியில் முத்துச்சரம், கையில் தாமரை, பெண் சாயல்: வாமதேவம். நடுவில் தத்புருடம், கையில் நாரத்தை மாதிரி ஒரு பழம். சைவர் சொல்லும் ஐந்து முகத்தில் சத்தியோசாதம் பின்னால் பாறைக்குள்ளும் ஈசானம் உச்சியிலும் இருப்பதாகக் கொள்ள வேண்டும். செதுக்கவில்லை, அவ்வளவுதான்.

அதே ஆசிரியர்: பாடப்புத்தகத்திலேயே பிரம்மா, விஷ்ணு, சிவன் என்று இருக்கிறதே?

வியாசர்பாடி இன்ஜினியர்: அங்கே இருக்கும் கைடும் அதைத்தான் சொல்வார் சார். எல்லாரும் தப்பா?

எல்லாரும் சொல்வதால் சரியாகிவிடாது தம்பி. அந்தக் குகையில் இருக்கும் மற்ற பலகைகளைப் பாருங்கள். அர்த்தநாரி, கங்காதரர், திருமணக் கோலம், அந்தகாசுர வதம், கூத்தன், யோகி, கயிலையைத் தூக்கும் இராவணன். எல்லாம் சிவன். பிரம்மாவும் விஷ்ணுவும் எங்கே? அர்த்தநாரிப் பலகையில் மேலே ஓரமாக, அன்னத்தின் மேலும் கருடன் மேலும், உள்ளங்கை அளவு சின்னதாகத் தெரிவார்கள். பக்கத்துச் சுவரில் பார்வையாளராக நிறுத்திய இருவரையும் நடுச்சுவரில் சமமாக உட்கார வைப்பார்களா? சிற்ப ஆய்வாளர் கோபிநாத ராவ் நூறு வருடத்துக்கு முன்பே இது சிவனின் ஒரு வடிவமான மகேசமூர்த்தி என்று எழுதிவிட்டார்.

நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. மும்மூர்த்திக்குக் கோயில் எடுக்க நினைத்த மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் என்ன செய்தான்? செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் எடுத்தேன் என்று கல்வெட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு, மூன்று தனி அறை குடைந்தான். மாமல்லபுரத்து மும்மூர்த்திக் குகையிலும் மூன்று அறை. ஆளுக்கு ஒரு வீடு. ஒரே கழுத்தில் மூன்று பேரைக் கட்டவில்லை.

ஆசிரியர்: அது தமிழ்நாட்டு வழக்கு. கொங்கணத்தில் வேறாக இருக்கலாமே?

இருக்கலாம். ஆனால் அந்தக் குகைக்கு உள்ளேயே இருக்கும் சான்றுக்கு என்ன பதில் சொல்கிறீர்கள்? ஐயா திருவொற்றியூரில் இருந்துகொண்டு சிவனை மூன்றில் ஒரு பங்காக்குகிறீர்கள்!

ஆசிரியர்: ஒற்றியூரை இழுக்காதீர்கள். பெண் முகம் மோகினி என்றால் விஷ்ணுதானே?

மோகினி கையில் அமுதக் கலசம் இருக்கும். இது தாமரை. உமை. இந்தப் பக்கத்தில்தான் கங்காதரர் பலகை, அதிலும் உமை நிற்கிறாள், சிவன் தலைமேல் கங்கை மூன்று தலையோடு இறங்குகிறாள். முகம் திரும்பியிருக்கும் திசையையும் பக்கத்துப் பலகையையும் சேர்த்துப் பாருங்கள். அந்தச் சிற்பி ஒரு திட்டத்தோடுதான் வைத்திருக்கிறான்.

எருக்கஞ்சேரி பெரியவர்: சண்டை வேண்டாம். குகையைக் கட்டியது இராஷ்டிரகூடர்தானே?

இல்லை ஐயா, அவர்களுக்கு முன்பே. 6-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி, காலச்சூரியர் காலம் என்பதுதான் இன்று பலர் ஒப்பும் கணிப்பு. அந்த மரபின் மன்னன் கிருஷ்ணராஜனின் காசுகள் தீவில் கிடைத்திருக்கின்றன. நேரடிச் சான்றாகக் கல்வெட்டு ஒன்று இருந்தது, போர்ச்சுகீசியர் பெயர்த்துத் தங்கள் நாட்டுக்கு அனுப்பித் தொலைத்துவிட்டார்கள்.

தண்டையார்பேட்டை தம்பி: யூடியூபில் பல்லவர் கட்டியது என்றார்களே?

மகேந்திரவர்மன் குடைய ஆரம்பித்தது 7-ஆம் நூற்றாண்டுத் தொடக்கம். இது அதற்கு அரை நூற்றாண்டு முந்தியது. அந்தக் காணொளியை மூடிவிடு. பல்லவரின் எதிரிக்கு வேண்டுமானால் தொடர்பு சொல்லலாம். இரண்டாம் புலிகேசியின் ஐகோள் கல்வெட்டு, கி.பி. 634, மேலைக் கடலின் திருமகள் போன்ற புரி நகரை மதயானைக் கூட்டம் போன்ற கப்பல்களோடு முற்றுகையிட்டதாகச் சொல்கிறது. அந்தப் புரி இந்தக் காராபுரிதான் என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி. அதே புலிகேசியின் வாதாபியைத்தான் பிறகு நம் நரசிம்மவர்மன் போய்ப் பிடித்தான்.

பெரம்பூர் அக்கா (மறுபடி): இத்தனை சிலையில் முக்கியமாக எதைப் பார்க்கணும்?

கல்யாணப் பலகை அக்கா, தென்மேற்கு மூலையில். பார்வதி சிவனின் வலப்பக்கம் நிற்கிறாள். கல்யாணம் முடியும் முன் பெண் வலப்பக்கம்தானே? சிற்பி அதைக்கூட விடவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்திருப்பாள், கால்கள் உடைந்துபோனதால் சட்டென்று தெரியாது, கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். அப்புறம் கிழக்குப் பக்கம் இராவணன்: முதுகைக் காட்டிக்கொண்டு மலைக்கு அடியில் கிடப்பான், நிறைய சிதைந்திருக்கிறது. சம்பந்தர் பெரும்பாலான பதிகங்களில் எட்டாவது பாட்டில் இவனை நசுக்குவார், நம் ஆசிரியர் அங்கே நின்று ஒன்று பாடினால் நான் திரிமூர்த்தி விஷயத்தில் பாதி தோற்றதாக ஒப்புக்கொள்கிறேன்.

ஓட்டேரி மேடம்: பூஜை செய்யலாமா? வில்வம் கொண்டு போகலாமா?

வழிபாட்டுக் கோயில் இல்லை, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. தினப் பூஜை கிடையாது. லிங்க அறைக்கு நான்கு பக்கமும் வாசல், வாசலுக்கு இரண்டு துவாரபாலகர். கும்பிட்டுவிட்டு வாருங்கள். எண்ணெய், குங்குமம் கூடாது.

கொடுங்கையூர் தம்பி: எல்லோராவும் சேர்த்து ஒரே நாளில் முடிக்கலாமா?

வரைபடத்தைத் திறந்து பார்.

மாதவரம் சார்: மும்பையில் நல்ல ஹோட்டல் ரூம் எங்கே?

அது என் கடை இல்லை. சாப்பாட்டுக்கு மட்டும் மாட்டுங்கா பக்கம் போங்கள்.

இன்ஜினியர் தம்பி: போர்ச்சுகீசியர் பீரங்கியால் சுட்டு உடைத்தார்கள் என்பது உண்மையா?

பழைய குறிப்புகள் அப்படிச் சொல்கின்றன. எவ்வளவு உடைத்தார்கள், எவ்வளவு கசிவும் கல்லின் பலவீனமும் செய்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் வழக்கு. மாமல்லபுரம் போலக் கருங்கல் இல்லை, எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட். இன்னொன்று, குன்றின் உச்சியில் இன்று இருக்கும் இரண்டு பீரங்கிகள் போர்ச்சுகீசியருடையவை அல்ல, ஆங்கிலேயர் வைத்தவை. கைடு சேர்த்துச் சொன்னால் கேட்டுக்கொண்டு வா, சண்டை போடாதே.

புளியந்தோப்பு அம்மா: மாலையில் தங்கிவிட்டுக் காலையில் வரலாமா?

இல்லை அம்மா, பயணிகள் தங்க வழியில்லை. மூன்று கிராமம் இருக்கிறது, அவர்களுக்கே கடலடியில் ஏழரைக் கிலோமீட்டர் கேபிள் போட்டு 2018-ல்தான் நிரந்தர மின்சாரம் வந்தது. திரும்பும் கடைசிப் படகு ஐந்து, ஐந்தரை வாக்கில் போய்விடும். நாலுக்கே படகுத்துறைக்கு இறங்கிவிடுங்கள்.

கொருக்குப்பேட்டை அக்காவின் தங்கை: திங்கட்கிழமை...

அக்காவைக் கேளுங்கள்.

தமிழாசிரியர்: சரி, நேரில் பார்த்துவிட்டே பேசுகிறேன். எந்தப் படகில் போனால் அந்த முகம் நன்றாகத் தெரியும்?

முதல் படகு, காலை 9 மணி வாக்கில். கேட்வேயில் எட்டரைக்கு நின்றுவிடுங்கள். காலையில் கிழக்கு வாசல் வழியாகவும் வெளிச்சம் வரும், கூட்டமும் மேலே ஏறியிருக்காது. வலது முகத்தின் கையில் இருப்பது தாமரையா கலசமா என்று குறித்துக்கொண்டு வாருங்கள். கையில் சாப்பாட்டுப் பை இல்லாமல்.