ஏர்பாட்ஸ் காது மிஷின் ஆகுமா?

கேள்வி: அப்பா தவில்காரர், வயது 68. கூப்பிட்டால் திரும்புகிறார், பேசினால் புரியவில்லை என்கிறார். காது மிஷின் என்றாலே கோபம். ஆப்பிளின் ஒயரில்லா இயர்போனான ஏர்பாட்ஸ் வாங்கித் தரலாமா?
– வாசகி, திருவாரூர்

பதில்: தரலாம் அம்மா, முதலில் ஆடியோகிராம் (எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் காது பரிசோதனை) எடுங்கள். ஏர்பாட்ஸ் புரோ 2-இன் காது மிஷின் வசதிக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 செப்டம்பரில் அனுமதி தந்தது; லேசான, நடுத்தரக் குறைபாட்டுக்கு மட்டும். ஐபோனோ ஐபேடோ வேண்டும். சார்ஜ் சுமார் 6 மணி நேரம்; நம்ம ஊர் சுவாமி புறப்பாட்டுக்குப் போதாது!

பெருஞ்சத்தத்தில் கெட்ட காதுக்கு உயர்ந்த சுருதி ஒலிகள்தான் முதலில் போகும். 'ச', 'ஸ' மங்கி, சொல் குழம்பும். மிஷினே தேவையென்றால் இசைக்கென்று தனி புரோகிராம் கேளுங்கள். பேச்சுக்கான அமைப்பில் நாதஸ்வரம் நாராசமாக இருக்கும். அப்புறம், மேடையில் இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான். அதற்கும் கோபப்படுவார், விடாதீர்கள்.