கடுக்காய்ப் பொடிக்கு லேசர் கருவி ‘பொருத்தம் இல்லை’ என்றால்

வணக்கம் அண்ணாச்சி. நாங்குநேரி பக்கம் அதிகாரிகள் உங்கள் வண்டியை நிறுத்தி, போதைப்பொருளா என்று பார்க்க நாட்டு மருந்துச் சரக்கில் லேசர் கருவியை வைத்தார்கள். படிகாரத்துக்குப் பெயர் வந்தது, கடுக்காய்ப் பொடிக்கும் இந்துப்புக்கும் ‘பொருத்தம் இல்லை’ என்று வந்தது. மாதிரி எடுத்துப் போனார்கள், கேஸ் ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொருத்தம் இல்லை என்றால் போதைப்பொருள் என்று அர்த்தம் இல்லை. சி.வி. ராமன் 1928இல் கண்டறிந்த விளைவுதான் அந்தக் கருவிக்கு அடிப்படை. பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகக் கொஞ்சம் அலைநீளம் மாறி வரும். அந்த மாற்றத்தைத் தன்னிடம் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்லும். கடுக்காய் மாதிரிப் பழுப்புப் பொடிகள் லேசர் பட்டதும் தாமே ஒளிரும். பட்டப்பகலில் டார்ச் அடித்த கதையாக சிக்னல் அமுங்கிவிடும். 785 நானோமீட்டர் லேசரில் இந்தத் தொல்லை அதிகம், 1064இல் குறைவு. உப்பின் விஷயம் வேறு. சோடியம் குளோரைடு இந்த முறைக்குப் பிடிகொடுக்கவே கொடுக்காது. சமையல் உப்பை வைத்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும்!

கவர் மேலேயே வைத்துப் பார்த்தார்கள் என்றால் சரக்கு கெட்டிருக்காது. கருப்புப் பொடிதான் லேசர் சூட்டில் கருகும்.

கருவி காட்டுவது முதற்கட்டத் தகவல் மட்டுமே. கோர்ட்டில் நிற்பது தடய அறிவியல் ஆய்வக அறிக்கை. அப்புறம், மாதிரி எடுத்ததற்கு மகஜர் (என்ன எடுத்தார்கள் என்று சாட்சிகளோடு எழுதும் பதிவு) நகல் தந்தார்களா? இல்லையென்றால் சரக்கு வாங்கிய மொத்த விற்பனைக் கடை பில்லை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நாளைக்கே அவர்களிடம் போய்க் கேளுங்கள். சம்மன் வந்தால் வக்கீலைப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.