பனியன் கம்பெனி வேலையோடு பொருளாதாரம் படிக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன், வயது 36. செய்தியில் ரெப்போ, பணவீக்கம் என்று வந்தால் அரைகுறையாகத்தான் புரிகிறது. பள்ளியில் நான் பொருளாதாரம் எடுக்கவில்லை. இப்போது அடிப்படையிலிருந்து படிக்க ஆசை, ஆனால் புத்தகத்தைத் திறந்தால் வரைபடங்களைப் பார்த்தே மலைப்பு வருகிறது. வேலை முடிந்து வீடு வர இரவு எட்டு மணி. எங்கே தொடங்குவது?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: தாராளமாகப் படிக்கலாம். தமிழ்நாடு அரசின் பதினொன்றாம் வகுப்புப் பொருளியல் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள், தமிழிலேயே இருக்கிறது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நுகர்வு, உற்பத்தி, செலவு, சந்தை என்று நுண்ணியலில், அதாவது தனி நபர், தனி நிறுவனம் அளவில் பார்ப்பதில் தொடங்கி இந்தியப் பொருளாதாரம், தமிழகப் பொருளாதாரம் வரை போகும். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் பேரியல், அதாவது நாட்டின் பொருளாதாரத்தை மொத்தமாகப் பார்ப்பது, நீங்கள் கேட்கும் பணவீக்கமும் வங்கியும் அதில்தான். ஆசைப்பட்டு நேராக அதற்குத் தாவ வேண்டாம்.

வரைபடத்துக்கு வருவோம், எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான். படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பார்க்காதீர்கள், நோட்டில் நீங்களே போடுங்கள். நூறிலிருந்து விலையின் இரண்டு மடங்கைக் கழித்தால் வருவது தேவை, விலையின் மூன்று மடங்கு அளிப்பு (விற்க வரும் அளவு) என்று வைத்துக்கொண்டு, விலை 10, 20, 30 என்று போட்டு அட்டவணை எழுதிப் புள்ளி வையுங்கள். விலை 20 ஆகும்போது இரண்டு கோடும் 60-ல் வெட்டும். முதல் புத்தகத்துக்கு இந்த அளவுக் கணக்கும் சதவீதமும் தெரிந்தால் பெரும்பாலும் ஓட்டிவிடலாம்.

அடுத்து, கோட்டின் மேலேயே நகர்வது வேறு, கோடே இடம் மாறுவது வேறு. 2022-ல் நூல் விலை ஏறியபோது உங்கள் ஊர் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். நூல் விலை ஏறினால் பனியனின் அளிப்புக் கோடு இடது பக்கம் தள்ளிப்போகும், தேவைக் கோடு அப்படியே நிற்கும், விலை கூடுவதால் அதே தேவைக் கோட்டின் மேல் நாம் ஏறி நிற்போம், வாங்கும் அளவு குறையும். இதைத்தான் பலரும் 'தேவையே விழுந்துவிட்டது' என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஏப்ரலில் மத்திய அரசு பருத்தி இறக்குமதி வரியை நீக்கியதே, அது எந்தச் சந்தையில் எந்தக் கோட்டை எந்தப் பக்கம் தள்ளும் என்று வரைந்து பாருங்கள்.

உங்கள் வேலைக்கு நேரடியாக உதவப்போவது இறுதிநிலைச் செலவு, அதாவது இன்னும் ஒன்று கூடுதலாகச் செய்ய ஆகும் செலவு. ஆயிரம் டி-ஷர்ட் தைக்க ஒன்றுக்கு 150 ரூபாய் அடக்கம் என்று வைத்துக்கொள்வோம், அதில் 30 ரூபாய் கட்டட வாடகையும் மாதச் சம்பளமும். இன்னும் ஐந்நூறு வேண்டும், ஆனால் 130-க்குத்தான் எடுப்பேன் என்கிறார் ஒரு பையர். அடக்கத்துக்குக் கீழே எப்படி என்று உடனே மறுத்துவிடத் தோன்றும். மெஷின் சும்மா நின்றால் வாடகை எப்படியும் போகத்தான் போகிறது, கூடுதலாக ஆகும் செலவு ஒன்றுக்கு 120 மட்டுமே, எடுக்கலாம். அதே ஆர்டருக்கு ஓவர்டைம் போட்டு அந்தக் கூடுதல் செலவு 140 ஆகிவிட்டால் எடுக்கக் கூடாது. இந்தக் கணக்கை நிஜ ஆர்டர்களோடு தினமும் பார்க்கிற நீங்கள், மனப்பாடம் செய்கிற கல்லூரி மாணவரைவிட நன்றாகவே பிடித்துக்கொள்வீர்கள், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ரெப்போ என்பது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி விகிதம். பணவீக்கத்தை, அதாவது பொதுவாக விலைவாசி ஏறும் வேகத்தை, 4 சதவீதத்தை ஒட்டி, 2-க்கும் 6-க்கும் நடுவே வைத்திருப்பது ரிசர்வ் வங்கியின் இலக்கு. 2025 பிப்ரவரியில் தொடங்கி ஜூனுக்குள் ரெப்போவை 6.5-லிருந்து 5.5 ஆகக் குறைத்தார்கள். வீட்டுக்கடன் ரெப்போவோடு இணைந்ததாக இருந்தால் அந்த மாற்றம் உங்கள் கடன் கணக்கிலேயே தெரிந்திருக்கும், எடுத்துப் பாருங்கள்.

நேரம்? தினமும் அரை மணி போதும், ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகப் படிக்கலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பாடத்தின் கடைசியில் உள்ள கேள்விகளுக்குப் புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள், படித்தது நின்றதா என்று அப்போதுதான் தெரியும்.

கேள்வி: எனக்கு 41 வயது, தனியார் வேலை. இதையே பட்டமாகப் படிப்பது நல்லதா?
- ஒரு வாசகர், தர்மபுரி

பதில்: பதவி உயர்வுக்கோ போட்டித் தேர்வுக்கோ பட்டம் வேண்டுமென்றால் சேருங்கள், புரிந்துகொள்ள மட்டும் என்றால் மேலே சொன்ன இரண்டு புத்தகங்களை முடித்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள். 1985-ல் தொடங்கிய இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்), 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இரண்டையும் விசாரியுங்கள். தமிழ் வழியில் எழுத முடியுமா என்பதை முதலில் கேளுங்கள். எங்கே சேர்ந்தாலும் அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டு யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.